பதினான்காம் பெட்டி

கண்ணாடியம்மா ஊருக்குக் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். வாளி நிறைய ஈரப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியவளுக்குக் கடைசிப் படி எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. காலை அந்தரத்தில் வைத்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கிய கண்ணாடி, காதுக்கம்பி வளைந்ததோடு தப்பித்தது.

அந்தக் கண்ணாடி கண்ணாடியம்மா வேலை பார்க்கும் அறையிலிருந்து போனதுதான். அவளுக்கு அந்தப் பெயரே அதனால் வந்தது. சொந்த ஊரில் அவளும் புருஷனும் இருபத்தேழு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். அவர் ஒரு காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பதினோரு மாதம் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பாஸ்டரின் மனைவி ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையில் திணித்தாள். வெளிநாட்டில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். சம்பளம் கிடையாது, தங்க அறையும் சாப்பாடும் உண்டு. 'தெரிந்த வேலை' என்ற இடத்தில் 'கண்ணாடி' என்று ஒரே சொல் எழுதினாள். "ஜன்னலுக்கா மூக்குக்கா?" என்று கேட்டு அவர்கள் மறுபடி எழுதியது தனிக்கதை.

வேலை இதுதான். பல தேசங்களிலிருந்து பழைய மூக்குக்கண்ணாடிகள் அட்டைப்பெட்டிகளில் வரும். பாதிக்கு மேல் செத்துப்போனவர்களுடையவை. வீட்டில் வைத்திருக்கவும் மனசில்லாமல், குப்பையில் போடவும் மனசில்லாமல் பிள்ளைகள் அனுப்பிவைப்பது. அவற்றை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, திருகு முடுக்கி, லென்சோமீட்டரில் வைத்து இரண்டு கண்ணின் பவரையும் அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, மேலே வலதுக்கு 'வ', இடதுக்கு 'இ' என்று இரண்டு கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். ஒருத்தர் கருவியில் கண் வைத்துப் படிப்பார், ஒருத்தர் எழுதுவார். செவ்வாய்க்கிழமைதோறும் கண் டாக்டர் வந்து நோயாளிகளின் கண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். சீட்டுக்கு நெருங்கிய உறையைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். கொடுக்கிற நாளில் வாசல்வரை கூட்டம் நிற்கும், மறுபடி அளக்க நேரம் இருக்காது. உறைமேல் எழுதியிருப்பதுதான் வேதவாக்கு.

"முதல்ல தலை சுத்தும். ஒரு வாரம் போட்டுக்கிட்டே இருங்க, பழகிடும்" என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்புவார்கள். புதுக்கண்ணாடி யாருக்கும் அப்படித்தான்.

படிக்கிற வேலை பட்டாசுடையது. உள்ளூர்க்காரி, முப்பத்துநான்கு வயது, இரண்டு பெண்பிள்ளைகள். முன்பு அதே நிறுவனத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் கண்ணாடியம்மா வைத்த பெயர் அது. அந்த ஊர்ப் பேச்சு கண்ணாடியம்மாவின் நாக்கில் உட்கார ஏழெட்டு மாதம் ஆனது. கற்றுக்கொடுத்ததும் பட்டாசுதான், தப்பாகப் பேசும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அவள்தான். ஒன்றரை வருஷத்தில் லென்சோமீட்டரை அவள் அடுப்பைப் போலக் கையாளப் பழகிவிட்டாள். கண்ணாடியம்மா போனபின் அந்த அறை அவள் பொறுப்பு என்று பேசி முடித்திருந்தது. சாவிக்கு ஒரு சிவப்புக் கயிறுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நிறுவனத்தின் பொறுப்பாளர் கண்ணாடி அறைக்கு வந்தார். எல்லோரும் அவரை பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாந்தமான மனிதர், கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். வளைந்த கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர் பார்த்துட்டாரு. வலது கண்ணு பவர் இடதுல இருக்கு, இடது வலதுல இருக்கு. மூணு வாரமா அந்தம்மா பாதி குருடா நடந்திருக்காங்க. இது எந்தப் பெட்டி?"

உறை எண்ணைப் பார்த்தார்கள். பதினான்காம் பெட்டி. மூடிமேல் பென்சிலில் தேதி, அதன் கீழே: படித்தது பட்டாசு, எழுதியது கண்ணாடியம்மா.

"படிக்கிறவங்க சொன்னதைத்தான் அக்கா எழுதுவாங்க" என்றார் பிரதர். பட்டாசைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பட்டாசின் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான் மாத்திப் படிச்சிருப்பேன் பிரதர்" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வாக்கியம் வந்து கண்ணாடியம்மா கேட்டதில்லை.

மத்தியானம் பட்டாசு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனதும், கண்ணாடியம்மா பதினான்காம் பெட்டியை இறக்கினாள். நாற்பதில் இருபத்தொன்பது போய்விட்டது. மிச்சம் பதினொன்று. ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். முதலாவது தலைகீழ். இரண்டாவதும். கண்ணுக்குக் கண் பவர் வேறுபட்ட எல்லாமே வலது இடமாக, இடது வலமாக எழுதியிருந்தது. இரண்டு கண்ணும் ஒரே பவர் உள்ளவற்றில் மட்டும் தப்புத் தெரியவில்லை.

ஒன்றிரண்டு மாறினால் படித்தவள் தடுமாறினாள் எனலாம். ஒரு பெட்டி முழுக்க ஒரே மாதிரி மாறியிருந்தால் அது தடுமாற்றம் இல்லை, பழக்கம். யாருடைய பழக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடிமேல் இருந்த தேதியை மறுபடி பார்த்தாள்.

அவள் புருஷன் இடதுகைக்காரர். எந்தக் கண்ணாடியை எடுத்தாலும் இடது லென்ஸைத்தான் முதலில் கருவியில் வைப்பார். ஊர் உலகமெல்லாம் வலதை முதலில் படிக்கும். அவர் கடையில் மட்டும் இடது முதலில். அவர் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து, முதல் எண்ணை 'இ' கட்டத்திலும் இரண்டாவதை 'வ' கட்டத்திலும் எழுதிக்கொண்டு போவாள். பேச்சே வேண்டியதில்லை. இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கடையிலிருந்து போன கண்ணாடி ஒன்றுகூட எண் மாறித் திரும்பி வந்ததில்லை. அவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். இங்கே வந்த புதிதில் கையைத் திருத்திக்கொள்ள அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. திருத்திக்கொண்டும் விட்டாள்.

மூடியில் இருந்தது, அவர் போய் இரண்டு வருஷம் நிறைந்த வாரம். அந்த வாரம் யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு வந்தாள், எழுதினாள். எதிரே பட்டாசு படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியம்மாவின் காதில் விழுந்ததோ அவர் குரல், கை பழைய வரிசைக்குப் போய்விட்டது. அது சுகமாக இருந்தது என்பதுதான் இப்போது அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பெட்டி முடிய ஆன நாலு நாளில்தான் அவள் அழாமல் இருந்தாள்.

பட்டாசு திரும்பி வந்தபோது பெட்டி பரண்மேல் இருந்தது.

"அக்கா, நான் எப்படிப் படிச்சேன்? உங்க முன்னாலதானே படிச்சேன். வலது முதல்லன்னு நீங்க அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்தீங்க. எப்படி மாறும்? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அஞ்சு மாசம் ஆச்சே" என்றாள் கண்ணாடியம்மா. "ஞாபகம் இல்லம்மா."

புதன்கிழமை பிரதர் பட்டாசைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் வேறு ஒரு தொண்டர் வெளிநாட்டிலிருந்து வருவார். அதுவரை அறை பூட்டியிருக்கட்டும். அவள் சமையலறைக்குப் போகலாம், சம்பளம் குறையாது.

சமையலறையில் தலைமைச் சமையல்காரி வரவேற்ற அழகு தனி. "வாங்க டாக்டரம்மா. வெங்காயத்துக்கு எந்தக் கண்ணு வலது, எந்தக் கண்ணு இடதுன்னு பார்த்து உரிங்க."

"உங்க குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு பார்க்கத்தான் முதல்ல ஒரு மெஷின் வேணும்" என்று பட்டாசு திருப்பிக் கொடுத்தாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த கண்ணாடியம்மா மட்டும், பட்டாசு வெங்காயத்தைத் தோலோடு நறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

அன்று மகன் போனில் கூப்பிட்டான். "அம்மா, சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நானும் உன் மருமகளும் வர்றோம். பெட்டி எடை அதிகமாகாம பார்த்துக்கோ. அங்கேயே வேர் விட்டுட்டியோன்னு நினைச்சேன்."

"அப்பா எப்பவாவது தப்பா பவர் எழுதிக் கொடுத்திருக்காராடா?"

"அப்பாவா? என்னம்மா திடீர்னு? அவர் செருப்பையே இடது வலது மாத்தி விடமாட்டாரு."

சரி என்று வைத்துவிட்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தப்பு என்னுடையது என்று சொன்னால், எப்படி என்று கேட்பார்கள். அவர் படிக்கிற வரிசையில் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். பேர் கெடாமல் போன மனிதரை, அவரைப் பார்த்தே இராத ஊரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதோடு, ஒன்றரை வருஷமாக இவர்கள் 'துக்கம் ஆறி நல்லா தேறிட்டீங்க' என்று சொல்லும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியதும் பொய்யென்று ஆகும். இன்னும் மூன்று நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் விமானம் ஏறிவிடலாம்.

வியாழக்கிழமை வார்டுக்குப் போனாள். சலவைக்கூடத்து அக்கா கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உட்காரு, உட்காரு. ரொம்ப வலிக்குதா?"

"வலி கிடக்குது. என்னால உங்க எல்லாருக்கும் கெட்ட பேரு. பழகிடும்னு நீங்க சொன்னீங்க. நான் பழகலன்னு நினைச்சுட்டு இருந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க எதிர்வீட்டுத் தையல்காரரும் இங்கதான் வாங்கினாரு. அவருக்கும் தலை சுத்துதாம், ஊசி ரெண்டா தெரியுதாம். நான்தான் போன வாரம் அவர்கிட்ட, கழட்டாதீங்க, பழகிடும்னு சொல்லிட்டு வந்தேன். பாவம், போட்டுக்கிட்டே இருக்காரு."

கண்ணாடியம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருபத்தொன்பது பேர். எத்தனை பேர் சுத்துகிற தலையோடு படி இறங்கிக்கொண்டிருக்கிறார்களோ, எத்தனை பேர் தங்கள் கண்ணையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. ஒரே ஒரு கண்ணாடி மாறிப்போனதாகத்தான் பிரதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெட்டி முழுக்க என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் பிரதரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். புருஷனின் இடது கையை, அந்த வாரத்தை, பதினோரு உறைகளை.

பிரதர் மேஜைமேல் இருந்த காகிதத்தின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்தினார். "அக்கா, சாயங்காலம் உங்களுக்குப் பிரிவு உபசாரம். தலைமை அலுவலகத்துலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. கர்த்தர் உங்களுக்குச் செஞ்சதை நீங்க சாட்சியா சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. இதை இப்ப எதுக்கு? நீங்க நாளைக்குக் கிளம்புங்க. அந்தக் கண்ணாடிகளை நான் மெல்ல மெல்லத் திருப்பி வாங்கிடறேன். உங்க பேருக்கு ஒரு களங்கமும் வராது."

"அவ பேரு?"

"அவ சின்னப் பொண்ணு. ரெண்டு நாள்ல மறந்துடுவா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதில் கண்ணாடியம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'சரி பிரதர்' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் ஜெப அறையில் நாற்காலிகள் போதாமல் பின்னால் நின்றார்கள். பாட்டு முடிந்தது, வேதம் வாசித்தார்கள், தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் அவள் சேவையைப் பற்றிப் பேசினார். ஆயிரத்து நானூறு பேருக்குப் பார்வை கொடுத்தவர் என்றார். கைதட்டினார்கள். தோளில் ஒரு சால்வை போட்டார்கள். பட்டாசு சமையலறைக்காரர்களோடு கதவருகே நின்று, எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியம்மா எழுந்து நின்றாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரிக்கவில்லை.

"கர்த்தர் என் துக்கத்தை ஆத்தினார்னு சொல்லச் சொன்னாங்க. இன்னும் ஆறல. அதனால ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தாள். பதினான்காம் பெட்டியிலிருந்து போன இருபத்தொன்பது கண்ணாடியும் மாற்றி எழுதப்பட்டவை, எழுதியது தன் கை, படித்தவள் சரியாகத்தான் படித்தாள் என்றாள். "செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். மூணு நாளா அந்தப் பழியை அவ தலையில இருக்க விட்டேன். அவ வந்து கேட்டப்போ ஞாபகம் இல்லைன்னு பொய் சொன்னேன்."

அறையில் யாரும் ஆமென் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்துக்காரர் பிரதரைப் பார்த்தார். பிரதர் தரையைப் பார்த்தார். ஒரு வயதான நர்சம்மா மட்டும் எழுந்து வந்து, நழுவிக்கிடந்த சால்வையை அவள் தோளில் சரிசெய்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கதவருகே பட்டாசு நின்ற இடம் காலியாக இருந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியருகே அவளைக் கண்டுபிடித்தாள். கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சுடும்மா."

பட்டாசு திரும்பவில்லை. "சாயங்காலம் முழுக்க நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? நாளைக்கு நீங்க போகும்போது உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்னு. உங்க வேலையை நான் கெடுத்துட்டேன், உங்க பேரை நான் கெடுத்துட்டேன்னு."

கண்ணாடியம்மா தோளில் இருந்த சால்வையைக் கழற்றி மடித்துக்கொண்டாள்.

"என் பெரிய பொண்ணு கேக்குறா, அம்மா நீ கண்ணு சரியாப் பார்க்கலையாம்மா, அதான் உன்னை வெளியே அனுப்பிட்டாங்களான்னு. ஆமாம்னு சொன்னேன் அக்கா. என் பிள்ளைகிட்ட ஆமாம்னு சொன்னேன்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "புருஷன் செத்த துக்கம்னு அந்த வாரமே சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன், நானே படிச்சிருப்பேன். உங்களை உட்கார வெச்சு டீ போட்டுக் கொடுத்திருப்பேன். என்கிட்ட சொல்ல என்ன?"

"தெரியல."

"அந்தத் தப்பு பரவாயில்ல. கை தப்பும், யாருக்கும் தப்பும். இந்த மூணு நாளு..." அவள் முடிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அந்த இருபத்தொன்பது பேர் விலாசம் எங்க இருக்கு?" என்றாள்.

அன்றைக்கே பிரதர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் உண்மை வெளியானபின் அவருக்கு வேறு வழியும் இல்லை. தலைமை அலுவலகத்துக்காரர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள் என்று சமையல்காரி சொன்னாள். குழம்புக்கு அதுவே நல்லது என்று சொல்ல பட்டாசு அங்கே இல்லை. அவள் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தாள்.

சனிக்கிழமை காலை வராந்தாவில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் முதல் ஆளாக வந்திருந்தார். கண்ணாடியம்மா பெட்டியைக் கட்டிமுடித்து, அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே பட்டாசு, அவரவர் சீட்டுக்குச் சரியான வேறு கண்ணாடி தேடிக் கருவிமேல் குனிந்திருந்தாள். பக்கத்தில் எழுத யாரும் இல்லை. படித்துவிட்டுத் தானே நிமிர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அதனால் நேரமானது.

"நான் எழுதட்டுமா?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை.

பட்டாசு தலை தூக்காமலே சொன்னாள். "வெளியில வரிசை கலைஞ்சு கிடக்கு. ஒவ்வொருத்தரா அனுப்புங்க."

அந்த வேலையைச் செய்தாள். ஒவ்வொருவரிடமும் போய்க் கண்ணாடியைக் கழற்றி வாங்கினாள், தப்பு எங்களுடையது, உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். தையல்காரர் திட்டவில்லை, தைத்துக் கெட்டுப்போன ஒரு சட்டையைக் கொண்டுவந்து, தையல் எப்படிக் கோணிப்போயிருக்கிறது பாருங்கள் என்று அவள் கையில் கொடுத்துக் காட்டினார். அவள் அந்தத் தையலை விரலால் கடைசிவரை தடவிப் பார்த்தாள். பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஒன்பதாவது ஆள் உள்ளே போனபோது வண்டி வந்து ஹாரன் அடித்தது. பெட்டியை ஓட்டுநர் தூக்கி வைத்தார். பிரதர் வந்து ஜெபம் செய்தார். சமையல்காரி ரொட்டிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அழுதாள். கண்ணாடியம்மா அறை ஜன்னலைப் பார்த்தாள். பட்டாசு நிமிர்ந்தாள். பார்த்தாள். கையை ஆட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏதோ கேட்க, அவர் பக்கம் குனிந்தாள்.

"போலாமா அம்மா?" என்றார் ஓட்டுநர்.

வராந்தாவில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஒன்பதாவது ஆள் வெளியே வந்துவிட, பத்தாவது ஆள் அடுத்தது யார் உள்ளே போவது என்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியம்மா வண்டியில் ஏற வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், அவர் தோளைத் தொட்டு, "நீங்கதான், போங்க" என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.